வீடுகளில் வாழ்ந்த திருச்சபை



புனித பவுல் தமது திருமுகங்களின் முடிவில் தமக்கு அறிமுகமானவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துவது வழக்கம். வெறும் பெயர்களாகத் தோன்றும் அப்பகுதிகளை நாம் பெரும்பாலும் விரைவாக வாசித்துக் கடந்துவிடுகின்றோம். ஆயினும், ஆதித் திருச்சபை எங்கே வாழ்ந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு அப்பெயர்களே சிறந்த சான்றாக விளங்குகின்றன. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பிரிஸ்காவையும் அக்கிலாவையும் வாழ்த்தும் பவுல், அவர்களது வீட்டில் கூடும் திருச்சபையையும் சேர்த்தே வாழ்த்துகின்றார் (உரோ 16:5). கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் நிம்பா என்னும் பெண்ணின் வீட்டில் கூடும் சபை நினைவுகூரப்படுகின்றது (கொலோ 4:15). பிலமோனுக்கு எழுதப்பட்ட சிறு மடலும் அவரது வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டதாகும்.

திருச்சபை என்றதும் இன்று நமது மனக்கண்ணில் தோன்றுவது ஒரு கட்டடமே. கொட்டாஞ்சேனை மக்களுக்குப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தோன்றும். வெள்ளவத்தை மக்களுக்குக் காலி வீதியோரத்துப் புனித லோரன்ஸ் ஆலயம் தோன்றும். செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடைக்குச் செல்வோருக்குப் புனித அந்தோனியாரின் திருத்தலம் தோன்றும். ஆனால் பவுல் அடிகளார் வாழ்த்திய திருச்சபைக்குக் குவிமாடமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. மக்கள் சமைத்து, உண்டு, உறங்கிய வீடுகளே அதன் ஆலயங்களாக இருந்தன. எருசலேமில் கோவிலுக்குச் சென்று இறைவனை வேண்டிய முதற் கிறிஸ்தவர்கள், அப்பம் பிட்பதற்குத் தமது வீடுகளிலேயே கூடினர் என்று புனித லூக்கா எழுதுகின்றார் (திப 2:46). சிரியா நாட்டில் யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில் தூரா எயுரோப்போசு என்னும் பழைய நகர் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ வழிபாட்டிடம் ஒன்று வெளிப்பட்டது. அதுவும் ஒரு சாதாரண வீடே. இரு அறைகளுக்கிடையே இருந்த சுவரை அகற்றி மக்கள் கூடுவதற்கு இடம் செய்திருந்தனர்; மற்றுமோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி அமைத்திருந்தனர்.

ஆதித் திருச்சபையிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் பல உள. அவற்றுள் நமது கொழும்புக் குடும்பங்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது எதுவெனில், ஆலயத்திற்குள் வாழ்வதற்கு முன்னரே திருச்சபை இல்லத்திற்குள் வாழ்ந்தது என்பதேயாகும்.

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம்

மேலே குறிப்பிட்ட பிரிஸ்காவும் அக்கிலாவும் யார்? பிரிஸ்கில்லா என்றும் பிரிஸ்கா என்றும் அழைக்கப்படும் அப்பெண்ணும் அவர் கணவரும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். அக்கிலா போந்து நாட்டில் பிறந்தவர். இருவரும் உரோமையில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, கிளவுதியு பேரரசர் யூதர்களை அந்நகரிலிருந்து வெளியேறுமாறு கட்டளையிட்டார். கி.பி. 49 ஆம் ஆண்டளவில் இது நிகழ்ந்ததாக அறிஞர் பலர் கருதுவர். வீட்டையும் தொழிலையும் விட்டு வெளியேறிய அவர்கள் கொரிந்து நகரை அடைந்தனர் (திப 18:1-3). அங்கே பவுலுக்குத் தமது வீட்டில் இடம் கொடுத்தனர். அவரும் அவர்களோடு சேர்ந்து அதே தொழிலைச் செய்தார். பின்னர் அவர்கள் எபேசு நகருக்குச் சென்றனர். அங்கும் அவர்களது வீடு சபை கூடும் இடமாயிற்று (1 கொரி 16:19). நாவன்மை மிக்க அப்பொல்லோவை அழைத்துச் சென்று, இறைநெறியை இன்னும் திருத்தமாக விளக்கியவர்களும் இவர்களே (திப 18:26). மீண்டும் உரோமைக்குத் திரும்பியபோது அங்கும் அவர்களது வீட்டில் சபை கூடியது.

இவ்விருவரில் எவரும் திருத்தூதர் அல்லர். மறையுரை ஆற்றும் பதவி எதனையும் வகித்தவர்களாகவும் திருநூல் கூறவில்லை. அரசாணையால் வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு தொழிலாளர் குடும்பமாகவே அவர்கள் வாழ்ந்தனர். வாடகை வீடு மாறியது, நகர் மாறியது. எனினும் கதவைத் திறந்து வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அன்பான வாசகர்களே, இக்குடும்பத்தின் கதையை விளங்கிக்கொள்ள நம்மில் பலருக்கு விளக்கவுரை தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பை விட்டுக் கப்பலேறியவர்களும், 1990 இலும் 1995 இலும் வடக்கிலிருந்து கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களும் இப்பத்தியை வாசிக்கும் குடும்பங்களில் இருக்கின்றனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் உடுப்பு ஆகியவற்றோடு திருவிருதயப் படத்தையும் செபமாலையையும் பையில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார் எத்தனையோ பேர். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்ததும் முதலில் ஆணி அடித்து மாட்டப்பட்டது அப்படமே. ஊர்க்கோவிலைப் பெயர்த்து எடுத்துவர முடியாது. ஆனால் மாலைச் செபத்தை எந்த அறைக்குள்ளும் கொண்டுவர முடியும். பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் அறிந்திருந்த உண்மை இதுவே.

நமது மண்ணின் சான்று

ஆதித் திருச்சபையின் இவ்வனுபவம் ஏதோ தொலைநாட்டுக் கதையன்று. நமது முன்னோரும் இதனை வாழ்ந்து காட்டியிருக்கின்றனர்.

1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658 இல் கட்டளை பிறந்தது. பிறப்பும் திருமணமும் ஒல்லாந்தரின் பாடசாலைத் தோம்புகளில் பதியப்பட்டன. சொத்துரிமைக்கும் அப்பதிவுகளே ஆதாரமாயின. ஆகவே பெயரளவிலேனும் அச்சபையில் இணைந்து நிற்க வேண்டிய நெருக்கடி மக்களுக்கு ஏற்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, மக்களோடு தங்கியிருந்து திருப்பலி ஒப்புக்கொடுக்க அவர்களுக்கு ஒரு குருவும் இருக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். அக்காலத்தில் பிறந்து வளர்ந்து தாமும் பெற்றோரானவர்கள், வாழ்வில் ஒரு முறையேனும் திருப்பலியைக் கண்டிராதிருக்கலாம். இயற்கையாகப் பார்த்தால் கத்தோலிக்க விசுவாசம் இத்தீவில் அன்றே அணைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் 1687 இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய ஒரு குரு கண்டது வேறு.

அவரே புனித யோசேப் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்தவர். குருவென அடையாளம் காட்டும் உடையின்றி, ஏழைத் தொழிலாளியின் கோலத்தில், யோவான் என்னும் பணியாளருடன் அவர் இங்கு வந்தார். யார் கத்தோலிக்கர் என்று எவரிடமும் கேட்க முடியாத காலம் அது. எனவே செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டதும் சில முகங்களில் தோன்றிய மாற்றமே அவருக்கு வழிகாட்டியது. கோவில்கள் பறிபோன பின்னரும் விசுவாசம் வீடுகளுக்குள் மறைந்து உயிரோடிருந்தது. சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689 ஆம் ஆண்டையொட்டிய ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்கெனக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தனர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. மக்களோ சிறைப்பட்டனர், கசையடி பெற்றனர்.

பின்னர் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை அடைந்து, அங்கிருந்து தீவெங்கும் பணியாற்றினார். ஒல்லாந்தரின் கோட்டை நகராகிய கொழும்புக்கும் மாறுவேடத்தில் வந்து மக்களைச் சந்தித்தார். எல்லா ஊர்களிலும் தாம் எப்போதும் இருக்க முடியாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகையால் ஊர் தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல், சிறுவருக்கு மறையறிவு புகட்டுதல், சாவு ஆபத்திலிருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல், நோயாளியைப் பற்றிக் குருவுக்கு அறிவித்தல் ஆகியன அவர்களது கடமைகளாயின. அவர்கள் கமக்காரர், மீனவர், பிள்ளைகளின் தந்தையர். 1705 இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றி இப்பொதுநிலையினரின் கைகளில் கொடுத்தார். தவக்காலத்தில் வடபகுதிக் கத்தோலிக்க ஊர்களில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்த செல்வமே.

கொழும்பின் கதையும் இத்தகையதே. இன்று பேராலயம் எழுந்து நிற்கும் கொட்டாஞ்சேனையில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் ஒரட்டோரியன் சபைக் குருக்கள் அமைத்தது ஓலை வேய்ந்த சிறியதொரு வழிபாட்டிடமே. கொச்சிக்கடைத் திருத்தலமும், ஒல்லாந்தருக்கு மறைந்து வாழ்ந்த அந்தோனியோ என்னும் குருவுக்கு மீனவ மக்கள் அளித்த ஆதரவில் தொடங்கியதென்று மரபு கூறுகின்றது. 1806 இல் ஆங்கிலேய ஆட்சியில் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. அதன் பின்னரே கற்கோவில்கள் பெருகின. அக்கற்களுக்கு அடியில் அத்திவாரமாகக் கிடப்பவை பெயர் தெரியாத குடும்பங்களின் மாலைச் செபங்களே.

கதவுகள் மூடியபோது

2015 ஜனவரி 14 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது நாமும் அக்கடற்கரையில் திரண்டிருந்தோம். ஒளிந்து செபித்த காலம் இனி நமக்கு வராது என்றே எண்ணினோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அடிகளாரின் பிறந்த நாளாகிய ஏப்ரல் 21 ஆம் திகதியிலேயே உயிர்த்த ஞாயிறு வந்தது. 2019 ஆம் ஆண்டின் அக்காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் நிகழ்ந்தவற்றை மீண்டும் விபரிக்கத் தேவையில்லை. 250 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பொதுத் திருப்பலி நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். ஓராண்டு கழியுமுன்னரே பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் மாதம் ஆலயக் கதவுகள் மீண்டும் மூடப்பட்டன. அவ்வாண்டுப் புனித வாரம் முழுவதும் ஊரடங்குக்குள் கழிந்தது.

அந்நாட்கள் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பரீட்சையாக அமைந்தன. ஆலயத்திற்குச் செல்ல முடியாத ஞாயிறுகளில் நமது வீட்டில் என்ன நிகழ்ந்தது? சில வீடுகளில் தந்தை திருவிவிலியத்தைத் திறந்து வாசித்தார். தாய் செபமாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். வேறு சில வீடுகளிலோ தொலைக்காட்சியில் திருப்பலி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் தேநீர் அருந்தினார், மற்றொருவர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் செபத்தை யார் தொடங்குவது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த வீடுகளும் இருந்தன. யாரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் குருவின்றி விசுவாசத்தைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முப்பது ஞாயிறுகள் தாங்குவதற்கு நமது வீட்டில் எண்ணெய் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டியது நமது கடன் அல்லவா?

இன்றைய கொழும்பு வாழ்வின் நெருக்கடியை மறுப்பதற்கில்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்கின்றனர். மாலை ஆறு மணிக்குப் பிள்ளை தனியார் வகுப்பில் இருக்கின்றது. தந்தை பேருந்து நெரிசலில் நிற்கின்றார். எல்லோரும் வீடு திரும்பும்போது இரவு எட்டு, ஒன்பது மணியாகிவிடுகின்றது. ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்களும் ஓய்வு மிக்கவர்களாக இருக்கவில்லை. அக்கிலாவின் பிறந்த நாடாகிய போந்துவையும் உள்ளடக்கிய மாநிலத்தை ஆண்ட பிளினி என்பவர், கி.பி. 112 ஆம் ஆண்டளவில் பேரரசர் திராயானுக்கு ஒரு மடல் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் புகழ்ந்து பாடுகின்றனர் என்றும், களவும் விபசாரமும் செய்வதில்லையென உறுதி எடுக்கின்றனர் என்றும் அதில் அவர் தெரிவித்தார். ஞாயிறு அந்நாளில் விடுமுறை நாளன்று. உழைப்பாளர்களாகிய அவர்கள் தமது உறக்கத்திலிருந்து நேரத்தை எடுத்து இறைவனுக்குக் கொடுத்தனர்.

ஆகவே நீண்ட செபங்களை நான் உங்களிடம் கேட்கவில்லை. உறங்கச் செல்லுமுன் பத்து நிமிடங்கள் போதும். நற்செய்தியில் ஒரு சிறு பகுதி, செபமாலையில் ஒரு பத்து மணி, அன்று நோயுற்றிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரு மன்றாட்டு. இதனை முன்னின்று நடத்துபவர் அவ்வீட்டின் மூப்பர். அவர் தந்தையாகவும் இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம், அப்பம்மாவாகவும் இருக்கலாம். உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளையிடம் வாரத்தில் ஒருநாள் அப்பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏடு, குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபை எனக் காண்கின்றது. பெற்றோரைப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் போதகராகக் கொள்கின்றது. நமது மறைக்கல்வி ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் புகட்டுவது, வீட்டில் தொடராவிடின் கற்பாறை மீது விழுந்த விதையாகிவிடும்.

கதவைத் திறந்த பணிப்பெண்

வீட்டில் செபம் இருந்தால் மட்டும் போதுமா? அவ்வீட்டின் கதவு யாருக்குத் திறக்கின்றது என்பதையும் ஆதித் திருச்சபை நம்மிடம் கேட்கின்றது.

திருத்தூதர் பணிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில், சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு நள்ளிரவில் மாற்கு எனப்படும் யோவானின் தாய் மரியாவின் வீட்டுக்கு வருகின்றார். அங்கே பலர் கூடிச் செபித்துக்கொண்டிருக்கின்றனர். கதவருகே வந்து பேதுருவின் குரலை அடையாளம் கண்டவர் அவ்வீட்டின் பணிப்பெண். மகிழ்ச்சி மிகுதியால் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் செய்தி சொல்கின்றார். உள்ளிருந்தோர் அவரை நம்பவில்லை. பித்துப் பிடித்தவள் என்கின்றனர். ஆனால் அவர் சொன்னதே உண்மையாயிற்று. செபத்திற்குக் கூடியிருந்த பலரின் பெயரை எழுதாத லூக்கா, இப்பணிப்பெண்ணின் பெயரை எழுதி வைத்திருக்கின்றார். ரோதி என்பது அவர் பெயர் (திப 12:13). பேதுருவின் குரல் அவருக்குப் பழக்கமாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவ்வீட்டில் நிகழ்ந்தவை அவர் காதுக்கும் எட்டியிருந்தன. பிளினியின் மடலிலும், சபையில் பணியாளர் எனப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாக அவரே எழுதுகின்றார். அடிமைகளுக்குத் திருச்சபை பணியும் மதிப்பும் அளித்திருந்ததை அறிவிப்பவர் அதனைத் துன்புறுத்திய அதிகாரியே!

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மலையகத்திலிருந்து வந்து வீட்டுப் பணிபுரியும் பெண்கள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் நமது விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உள்ளனர். நாம் குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்லும் ஞாயிறன்று அவர் எங்கே இருக்கின்றார்? மதிய உணவுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கின்றாரா? மாலைச் செபத்தின்போது அவருக்கு நமது பாயில் இடமுண்டா, அல்லது குசினி வாசலில் நிற்கின்றாரா? அவரது மொழி எதுவாயினும், சமயம் எதுவாயினும், அவருக்கு உரிய ஓய்வு நாளும் உரிய சம்பளமும் கிடைக்கின்றனவா? ரோதியின் பெயரை லூக்கா அறிந்திருந்தார். நமது வீட்டுக்கு வருபவரின் முழுப் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் நாம் அறிவோமா?

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் மேலும் ஒரு நிகழ்வைக் கூறுகின்றது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியோர் முறுமுறுத்தனர். அன்றாடப் பங்கீட்டில் தமது கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்பது அவர்களது முறைப்பாடு. ஆதித் திருச்சபையிலும் மொழியால் பிளவு இருந்தது, புறக்கணிப்பு இருந்தது. லூக்கா அதனை மறைக்கவில்லை. திருத்தூதர்களும் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிவு செய்யுமாறு சபையிடமே கேட்டனர். தெரிவான ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட பகுதியினரை நம்பியே சபை பொறுப்பை ஒப்படைத்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நமது கொழும்புப் பங்குகளில் தமிழ்த் திருப்பலி, சிங்களத் திருப்பலி, ஆங்கிலத் திருப்பலி எனத் தனித்தனி நேரங்கள் உள்ளன. தத்தம் மொழியில் இறைவனை வழிபடுவது நல்லதே. ஆனால் ஒரே பங்கின் மக்கள், ஆண்டுத் திருவிழாச் சுருவப் பவனியில் மட்டும் ஒருவரை ஒருவர் காண்பது போதுமானதா? தமிழர்களாகிய நமக்குள்ளேயும் யாழ்ப்பாணத்தார், மன்னாரார், மலையகத்தார், கொழும்பார் என்ற கோடுகள் இல்லையா? நமது பங்கில் இன்று யாருடைய கைம்பெண் கவனிக்கப்படாதிருக்கின்றார் என்று கேட்பதே ஆதித் திருச்சபையைப் பின்பற்றுவதன் தொடக்கமாகும்.

அக்கைம்பெண்ணைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்க, தனியே வாழும் முதியோர் பலர். பணம் மாதந்தோறும் வருகின்றது, மனிதர் வருவதில்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில், மின்தூக்கி இயங்காத ஏழாம் மாடியில் இருந்தவருக்குத் தண்ணீரும் மருந்தும் கொண்டு சென்றவர் யார்? கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களில், எரிவாயு வரிசையில் நாளெல்லாம் நின்ற தாயின் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தவர் யார்? அன்று அயலவருக்காகப் பானையில் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்ட வீடுகளை நாம் அறிவோம். அவை ஆதித் திருச்சபையின் வீடுகள்.

ஏறத்தாழ கி.பி. 155 இல் உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், தமது காலத்து ஞாயிறு வழிபாட்டை விபரிக்கின்றார். இறைவார்த்தை வாசிக்கப்பட்டு, நற்கருணை பகிரப்பட்ட பின், வர இயலாதவர்களுக்கு அது திருத்தொண்டர் வழியாக அனுப்பப்பட்டது. இயன்றவர்கள் கொடுத்த காணிக்கை, அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளருக்கும் சிறையிலிருப்போருக்கும் அந்நியருக்கும் பயன்பட்டது. திருப்பலி முடிந்தபின் அதன் தொடர்ச்சி வீடுகளை நோக்கிச் சென்றது என்பதே இதன் பொருள். யோசேப் வாஸ் அடிகளாரும் அவ்வழியே நடந்தார். கண்டியில் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமய வேறுபாடு பாராது அவர்களைத் தேடிச் சென்று தம் கையாலேயே பணிவிடை செய்தார்.

ஆலயமும் இல்லமும்

வீட்டில் செபித்தால் போதும், ஆலயம் எதற்கு என்று யாரும் இதிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. ஒல்லாந்தர் காலத்து நமது மக்கள் வீடுகளில் செபித்துக்கொண்டே, ஒரு திருப்பலிக்காக ஏங்கினார்கள். அதற்காகக் கசையடியும் பெற்றார்கள். நற்கருணையின்மீது பசி இருந்ததனாலேயே அவர்களது வீட்டுச் செபம் வாடாதிருந்தது. அவ்வாறே, வீட்டில் செபிக்கும் குடும்பமே ஞாயிறு திருப்பலிக்கு வெறுங்கையோடு வராது. வாரம் முழுவதும் சேர்த்து வைத்த நன்றியையும் கண்ணீரையும் கொண்டுவரும்.

ஆதித் திருச்சபை குறையற்ற சபை என்று எண்ணி ஏங்கவும் வேண்டாம். அங்கும் அனனியாவும் சப்பிராவும் இருந்தனர். கொரிந்துச் சபையில் ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியபோது, வசதி படைத்தோர் முந்தி உண்டனர், ஏழைகள் பசித்திருந்தனர். பவுல் கடுமையாகக் கண்டிக்கவேண்டியிருந்தது (1 கொரி 11:20-22). நம்மைப் போன்ற பலவீனர்களையே ஆவியானவர் அன்று பயன்படுத்தினார் என்பது நமக்கு ஆறுதலாகும்.

எனவே, அன்பான குடும்பங்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். இன்றிரவு பத்து நிமிடங்கள் குடும்பமாகச் செபத்துக்கு அமருங்கள். பணிபுரிய வந்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் அன்போடு அழையுங்கள், வருவதும் வராததும் அவர் விருப்பம். உங்கள் மாடியில், உங்கள் ஒழுங்கையில் தனித்து வாழும் ஒருவரின் கதவை இவ்வாரத்தில் ஒருமுறை தட்டுங்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உடனே வாயிலை நோக்கி விரையாமல், வேறு மொழி பேசும் ஒரு பங்குக் குடும்பத்தோடு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

புனித பவுல் இன்று கொழும்புக்கு ஒரு திருமுகம் எழுதுவாராயின், அதன் இறுதியில் வாழ்த்துப் பகுதி ஒன்று இருக்கும். அதில் ஆலயங்களின் பெயர்களுக்கு முன்னர் வீடுகளின் பெயர்களே வரும். கொட்டாஞ்சேனையில் இன்னாருடைய வீட்டில் கூடும் சபைக்கும், வெள்ளவத்தையில் இன்னாருடைய வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்துக் கூறுவார். அவ்வரிசையில் நமது வீடும் இடம்பெறத் தூய ஆவியார் நமக்குத் துணைபுரிவாராக.